பழைய பர்மா தேக்கை மாடிப் பலகைத் தளத்தின் மேல் பதிக்கலாமா?

நீங்கள் கேட்டது இது. புதுச்சேரியில் தாத்தா கட்டிய வீடு. மாடியில் 12 அடிக்கு 14 அடி அறை, தரை முழுக்க மரப்பலகை, அதைத் தாங்குவது தேக்கு விட்டங்கள். பலகை தேய்ந்துவிட்டது, நடந்தால் கிறீச்சிடுகிறது. காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டு உத்தரங்கள் மரவாடிக்கு வந்திருக்கின்றன. அவற்றை அறுத்துப் பலகையாக்கிப் பழைய தளத்தின் மேலேயே பதிக்கலாமா? ஆவணியில் வீட்டில் ஒரு விசேஷம், ஆனிக்குள் வேலையை முடிக்க முடியுமா?

பதிக்கலாம். ஆனால் ஆனியில் பதிக்காதீர்கள். விசேஷத்தைப் பழைய பலகை மேலேயே நல்ல கோரைப்பாய் விரித்து நடத்திவிடுங்கள். புதுப் பலகை தையில் ஏறட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன் பார்க்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலில் கீழே இறங்கி அண்ணாந்து பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் 'மரத்தளம்' என்று சொல்லப்படுவதில் பாதி, மரத்தளமே கிடையாது. விட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்த மெட்ராஸ் டெரஸ் அது. கீழேயிருந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே செங்கல் வரி தெரியும். அப்படி இருந்தால் நான் கீழே எழுதியிருப்பது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அதில் ஆணி அடித்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும். கட்டைகளுக்கு நடுவே பலகையின் அடிப்பக்கம் தெரிந்தால்தான் உங்களுடையது உண்மையான பலகைத் தளம். தெரிகிறது என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்து, விட்டத்தின் முனைகள். மரத்தளம் நடு அறையில் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது சுவருக்குள் நுழையும் அந்த அரை அடியில்தான். செங்கல் சுவரில் ஊறும் ஓதம் விட்ட முனையை ஆண்டுக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். வெளியே காரைப் பூச்சு பொரிந்திருக்கும் இடம், மேலே குளியலறை இருக்கும் பக்கம், வாடைக்காற்று மழையை அறையும் சுவர் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கையில் ஒரு கோணி ஊசி போதும். சுவரை ஒட்டி விட்டத்தின் அடியில் அழுத்துங்கள். நல்ல தேக்கில் நுனி மட்டும் ஏறி நிற்கும். உளுத்துப்போனது என்றால் ஊசி சத்தமே இல்லாமல் இரண்டு அங்குலம் போய்விடும். சுத்தியலால் தட்டினாலும் தெரியும். நல்ல மரம் கணீரென்கும், கெட்டது பொத்தென்கும்.

முனை மட்டும் கெட்டிருந்தால் முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்ட பகுதியை அறுத்து, இருபுறமும் புது மரமோ இரும்புத் தகடோ வைத்து போல்ட் போட்டு நீட்டலாம். இதைப் பழைய கட்டிடம் தெரிந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் செய்யாதீர்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டிடம் சரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பழைய கட்டிடத்தின் விஷயத்தில் எனக்கு அதற்கப்புறம் தைரியம் கொஞ்சம் குறைவு.

முனையைச் சரிசெய்த பிறகு கொத்தனார் வந்து சுற்றிலும் சிமெண்ட் கலவையை அடைத்து மூடப் பார்ப்பார். விடாதீர்கள். விட்ட முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்று இருக்க வேண்டும். வெளிச்சுவரில் சிமெண்ட் பூச்சு இருந்தால் அந்தப் பக்கத்தையாவது உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். சுண்ணாம்பு ஓதத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பிடித்து வைக்கும்.

விட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் முனைக்கும் பழைய ஆசாரிகள் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்குப் பஞ்சமில்லை. கரையான் கிட்டே வராது, உண்மைதான். ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும், காயவும் நாளாகும். கையுறை போட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் பூசலாம். நடக்கிற பலகை மேல் வேண்டவே வேண்டாம்.

தளம் தாங்குமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும். கணக்குப் போட்டால் பெரிதாக இல்லை. முக்கால் அங்குலத் தேக்கும் அதற்கடியில் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் சேர்த்து உங்கள் அறைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோ வரும். வீட்டுத் தளத்தைக் கணக்கிடும்போது ஆள், பீரோ, கட்டிலுக்கென்று சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அறை மூன்று டன் தாங்க வேண்டியது. எடையைவிடத் தொய்வுதான் பிரச்சினை. கீழ் அறையில் நடு விட்டத்துக்கு நேர் கீழே சுவருக்குச் சுவர் நூல் கட்டுங்கள். மேலே நான்கு பேரை நடுவில் நிற்கவைத்து விட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 12 அடி விட்டத்துக்கு மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதற்குமேல் இறங்கினால் விட்டத்தின் பக்கத்தில் துணை விட்டம் சேர்க்காமல் பலகையைத் தொடாதீர்கள். துள்ளுகிற தளத்தில் எந்தப் பலகையும் கிறீச்சிடும்.

இனி மரம். செட்டிநாட்டு வீட்டு உத்தரம் என்றால் பெரும்பாலும் நல்ல பர்மா தேக்குதான். ஆனால் மரவாடியில் 'பர்மா' என்ற பேரில் எல்லாமும் நிற்கும். ஒரு முனையை ரெண்டு அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அறுத்த இடத்தில் தோல் பதப்படுத்தினது மாதிரி ஒரு எண்ணெய் வாசம் வரும், தொட்டால் கையில் மெழுகு மாதிரி பிசுபிசுக்கும். ஓரத்தில் வெளிறிய மரம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வண்டு துளைப்பது அந்த வெள்ளையைத்தான், உள்ளே வைரம் பாய்ந்த மரத்தை அது சீந்தாது. சின்னச் சின்னத் துளையிலிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. வெள்ளையை அறவே கழித்துவிடுங்கள்.

உங்கள் அறைக்கு எவ்வளவு மரம்? 168 சதுர அடி, ஒரு அங்குலமாக அறுத்து இழைத்தால் முக்கால் வரும். ஆகவே அடிப்படை 14 கன அடி. நாக்குக்கு, அதாவது பக்கத்துப் பலகைக்குள் நுழையும் விளிம்புக்குப் போகும் அகலம், ரம்பம் தின்னும் ஒரு நூல், வெடித்தது, ஆணி ஓட்டை, வெள்ளை எல்லாம் கழித்தால் 21 கன அடி உத்தரம் வாங்க வேண்டியிருக்கும். புது மரம் என்றால் இவ்வளவு சேதாரம் வராது. பழைய மரம் சல்லிசு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சாமில்லுக்கு அனுப்புமுன் ஆணி பார்க்க வேண்டும். காந்தம் மேற்பரப்பில் இருப்பதைத்தான் சொல்லும். கையில் பிடிக்கும் சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், காசு வீணாகாது. கொக்கி, தொட்டில் வளையம், யாரோ நாள்காட்டி மாட்டிய ஆணி எல்லாம் தலை முறிந்து உள்ளே கிடக்கும். ஒரே ஒரு ஆணி பேண்ட் சா பிளேடைப் பிய்த்துப் போட்டால் அன்றைக்கு மில்காரர் உங்கள் மரத்தைத் தொடமாட்டார், பிளேடுக் காசும் உங்கள் தலையில். உத்தரத்தில் பழைய பச்சை, நீலப் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே தேய்த்துப் புழுதி கிளப்பக் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பொறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அறுக்கும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்லுங்கள். பலகையின் முனையில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி அறுக்க வேண்டும். வளையம் படுத்திருக்கும் பலகை அகலத்தில் இரண்டு மடங்கு வீங்கும், சுருங்கும். எல்லாப் பலகையும் அப்படிக் கிடைக்காது. கிடைப்பதை நடு அறைக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டிலுக்கடியில் போடலாம். உத்தரத்தின் நட்ட நடுப் பலகையை, சோறு (மரத்தின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி) ஓடுகிற பலகையை, தள்ளிவிடுங்கள். அது வெடிக்காமல் இராது. அகலம் நாலு அங்குலம் போதும். ஆறு அங்குலப் பலகை படத்தில் கம்பீரமாக இருக்கும், ஆனால் கடலோரத்தில் கிண்ணம்போல் வளையும்.

இப்போது ஆனிக்கு வருகிறேன்.

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். நூறு வருஷத்து மரம் என்றாலும் இந்தப் பழக்கம் போகாது. மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடிப் பகலில் கடற்காற்று எழும்பும்வரை நம் ஊர்க் காற்று வறண்டிருக்கும். அப்போது அறையில் கிடக்கும் தேக்கின் ஈரம் 11 சதவீதம் பக்கம் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பலகை 16 சதவீதத்துக்கு ஏறும். தேக்கு பரவாயில்லை, மற்ற மரங்களை ஒப்பிட்டால் குறைவாக அசையும். அப்படியும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் வளையம் படுத்த பலகை அகலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மாறும். நாலு அங்குலப் பலகைக்கு ஐந்து சதவீதத்தில் ஒரு மில்லிமீட்டர். இதெல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றும். உங்கள் 12 அடி அகலத்தில் 36 பலகை. 36 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். ஆனியில் இறுக்கி அடித்தால் கார்த்திகையில் இந்த ஒன்றரை அங்குலம் போக இடமில்லாமல் மேலே கிளம்பும்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. 2015 ஜூனில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இதே மாதிரிப் பழைய தேக்கு போட்டேன். வீட்டுக்காரர் அவசரப்பட்டார், நானும் தலையாட்டினேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையாத அளவுக்கு இறுக்கி அடித்தோம். எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பாராட்டினார்கள். அந்த நவம்பரில் கடலூரில் பெய்த மழை உங்களுக்கே தெரியும். தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அறை நடுவே இரண்டு பலகை ஒன்றோடொன்று முட்டி, கூரை மாதிரி ஓரடி நீளத்துக்குத் தூக்கி நின்றது. ஆசாரி அதன் மேல் காலை வைத்து அழுத்தினார். அது இறங்கியது, அதற்கு அடுத்த வரிசை தூக்கியது. "இடம் குடுத்தாத்தான் அடங்கும் சார், அமுக்கினா அடங்காது," என்றார். சுவர் ஓரத்தில் ஒரு பலகையை முழு நீளத்துக்கும் அறுத்து எடுத்தோம். இரண்டு நாளில் மற்றவை தாமாகவே படிந்தன, தூக்கிய இரண்டு மட்டும் நாக்கு முறிந்து வீணாயின. செலவு என்னுடையது.

மழைக்காலத்தில் போட்டாலும் சரிவராது. அப்போது உப்பியிருக்கும் பலகை ஆனியில் சுருங்கி, ஒவ்வொரு இடுக்கும் ஒரு மில்லிமீட்டர் திறக்கும். அதனால்தான் தை, மாசி, பங்குனி. அப்போது மரம் 13 சதவீதம் பக்கம் நடுவாந்தரத்தில் இருக்கும். மேலே ஏற மூன்று சதவீதம்தான் பாக்கி. 12 அடிக்கு அது 22 மில்லிமீட்டர். இரண்டு சுவர் ஓரத்திலும் நாலு நாலு நூல் இடம் விட்டால் 25, கணக்கு சரியாக நேர்கிறது. அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துக்கொள்ளும். பட்டையை சுவரில் அடியுங்கள், பலகையில் அடித்துவிடாதீர்கள்.

மாய்ஸ்சர் மீட்டர் ஒன்று வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஊசி குத்தும் வகை போதும். அறுத்த பலகையை அதே மாடி அறையில், வரிசைக்கு வரிசை குச்சி வைத்துக் காற்றாட அடுக்கி, மூன்று வாரமாவது விடுங்கள். ஜன்னல் எப்போதும்போல் திறந்திருக்கட்டும். புதுப் பலகைக்கும் அடித்தளத்துக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் வந்த பிறகே ஆசாரிக்கு நாள் சொல்லுங்கள். அடுக்கியிருக்கும்போதே போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைத்த தண்ணீரை அடிப்பக்கம் ஒருமுறை தூரிகையால் பூசிவிடலாம். ஆனால் அதற்கப்புறம் மறுபடி காய விட வேண்டும்.

பதிக்கும் முறை. உங்கள் விட்டங்கள் 12 அடிப் பக்கமாக ஓடுகின்றன, பழைய பலகை 14 அடி நீளவாக்கில். புதுப் பலகையும் விட்டத்துக்குக் குறுக்கே, அதே 14 அடி நீளவாக்கில்தான் ஓட வேண்டும். சிக்கல் என்னவென்றால் பழைய இடுக்கும் புது இடுக்கும் ஒரே திசையில் வரும். பழைய பலகை அசைய அசைய மேலே கோடு விழும். அதற்குத்தான் நடுவில் பிளைவுட். 12 மில்லிமீட்டர், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. அதற்கு முன் பழைய பலகை ஒவ்வொன்றையும் விட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். உங்கள் கிறீச்சில் பாதி அங்கேயே நின்றுவிடும். ஆறடி ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு நூலுக்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் மேட்டை இழைத்து, பள்ளத்தைத் தக்கை வைத்து நிரப்பிவிட்டு, பிளை ஷீட்களை ஒரு நூல் இடைவெளியில் பதியுங்கள். பிளைக்கும் பலகைக்கும் நடுவே தார்பேப்பர் ஒரு சுருள். தூசி கீழே உதிராது, சத்தமும் கொஞ்சம் குறையும்.

பாலிதீன் விரிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். குறிப்பாக அறையில் ஏசி இருந்தால். நம் ஊரில் புழுக்கமான நாட்களில் காற்று 25, 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கிவிடும். மேலே நீங்கள் 22ல் ஏசி போட்டுப் படுத்திருப்பீர்கள். கீழ்த் தாழ்வாரத்துப் புழுக்கக் காற்று பழைய பலகை இடுக்கு வழியே ஏறிக் குளிர்ந்த பாலிதீனில் முட்டி, பானகச் சொம்பின் வெளிப்புறம் மாதிரி முத்து முத்தாக வியர்க்கும். அந்தத் தண்ணீர் போவதற்கு இருக்கும் ஒரே இடம் உங்கள் பிளைவுட்டும் பழைய பலகையும்தான். ஏசியை 26ல் வைத்து ஃபேன் போட்டுக்கொண்டால் மரத்துக்கும் நல்லது, கரண்ட் பில்லுக்கும் நல்லது.

பலகைக்கு ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் அது நுழையக் காடி எடுக்கச் சொல்லுங்கள். நாக்கின் மேல், சாய்வாக, முன்கூட்டியே ட்ரில் போட்டு, இரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. எட்டு முதல் பத்து அங்குலத்துக்கு ஒன்று. ட்ரில் போடாமல் முறுக்கினால் பழைய தேக்கு நாக்கு சிம்பாகப் பிளக்கும். சாய்வில் போவதால் ஸ்க்ரூ நுனி கீழ் அறைக் கூரையில் எட்டிப் பார்க்காது. இரும்பு ஆணி வேண்டாம், உப்புக்காற்றில் சில வருஷத்திலேயே துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைக்கும். முதல் வரிசையும் கடைசி வரிசையும் மேலிருந்துதான் முடுக்க வேண்டிவரும். அந்தத் துளைகளில் அதே மரத்தில் கடைந்த முளையை அடித்து இழைத்துவிட்டால் ஒரு வருஷத்தில் தேடினாலும் கிடைக்காது. எங்காவது பசை தேவைப்பட்டால் ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை மேல் எதுவும் சரியாகப் பிடிக்காது.

பலரும் மறந்துபோகும் ஒன்று, உயரம். பிளையும் பலகையும் சேர்ந்து தரை ஒன்றேகால் அங்குலம் ஏறும். கதவின் அடியை அறுக்க வேண்டும், சரி. மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் மற்ற படிகளைவிட ஒன்றேகால் அங்குலம் உயர்ந்திருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அந்த ஒன்றேகால் அங்குலம் காலைத் தட்டும். மேல் படிகளின் பலகையை மாற்றி, உயரத்தை மூன்று நான்கு படிகளுக்குப் பங்கிட்டுவிடுங்கள்.

மெருகு உங்கள் விருப்பம். பியூ (பாலியூரிதேன் வார்னிஷ்) பளபளப்பு வேண்டுமென்றால் உப்புத்தாள் போட்டதும் தின்னரால் துடைத்து அன்றே முதல் கோட் அடியுங்கள். இல்லாவிட்டால் தேக்கிலுள்ள எண்ணெயால் பூச்சு நாள் கணக்கில் காயாமல் ஒட்டும். எனக்குப் பிடித்தது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும்தான். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள். தரையைப் பிழிந்த துணியால் துடைக்கலாம், வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தையில் போட்ட தளத்தில் அடுத்த ஆனி வந்ததும் பலகைக்குப் பலகை மெல்லிசாக ஒரு கோடு தெரியும். ஆசாரி மக்கு வைத்து அடைத்துவிடலாம் என்பார். விட்டுவிடுங்கள். ஐப்பசியில் பலகை உப்பும்போது அந்த மக்கைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும், அப்புறம் அதைச் சுரண்டுவதுதான் வேலை.